பூச்சியைப் படம் பிடிக்க தயிர் கப்பும் டார்ச்சும் போதும்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றுவட்டாரத்தில் மணிலா, நெல், கரும்பு, கத்திரி, பூச்செடிகள் என்று எல்லாம் உண்டு. மணிலா காய் பிடிக்கும் பருவத்தில் இந்தப் பக்கத்து மருந்துக் கடைகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ணா, இதக் கொஞ்சம் பாருணா. மல்லாட்டை இலையெல்லாம் புள்ளி புள்ளியா வந்துகினு இருக்குது."

கடைக்காரர் செல்போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்ப்பார். இலை பச்சையாகத் தெரியும். நடுவில் கலங்கலாக ஏதோ பழுப்பு. அதற்கு மேலேயே செல்போன் பிளாஷ் அடித்த வெள்ளைத் திட்டு.

"ஒண்ணும் தெரியலியேப்பா. டிக்கா புள்ளியா, துருவா?"

"அது தெரிஞ்சா நான் ஏண்ணா உங்கிட்ட வரேன்?"

கடைசியில் ஏதோ ஒரு பாக்கெட் கைமாறும். அது சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம். மணிலாவில் டிக்கா இலைப்புள்ளிக்குக் கேட்கும் கார்பன்டாசிம், துரு நோய்க்குக் கேட்காது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருவத்தில், சில நேரம் ஒரே செடியிலேயே வரக்கூடியவை. ஆள் மாறிப்போனால் மருந்துக்கும் தெளிப்புக் கூலிக்கும் கொடுத்த பணம் போவதோடு, நாளும் போகும். அதற்குள் இலை கொட்டி காய் திரளாமல் நின்றுவிடும்.

இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டலாமே என்று கேட்கலாம். காட்டலாம்தான். ஆனால் பறித்த இலை அரை மணி நேரத்தில் சுருண்டுவிடும். பூச்சி என்றால் வழியிலேயே பறந்துவிடும். வேளாண் அலுவலர் அன்றைக்கு வேறு ஊரில் இருப்பார். அதனால்தான் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்கிறது. தமிழக அரசின் உழவன் செயலி 2018-ல் வந்தது. மத்திய அரசின் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பின் செயலி 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதில் படத்தைப் போட்டால் கணினியே பூச்சியை அடையாளம் காண முயலும். வாட்ஸ்அப் குழுக்களுக்கோ கணக்கே இல்லை. இத்தனையும் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கின்றன. படம் தெளிவாக இருக்க வேண்டும்.

படம் கலங்கலாக வந்தால் எல்லோரும் செல்போனைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை வெளிச்சத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் காலியாகிக் கிடக்கும் தயிர் கப்பும், கீ செயினில் தொங்கும் சின்ன டார்ச்சும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

கிட்டப் போனால் இருட்டு

ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சியைப் பெரிதாக எடுக்க, செல்போன் கேமராவின் மேல் கிளிப் போல மாட்டும் மேக்ரோ லென்ஸ் கிடைக்கிறது. சுமார் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குள் வாங்கலாம். வேளாண் மாணவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் பத்து மடங்கு கை லென்ஸை கேமராவோடு ஒட்டிப் பிடித்தாலும் அதே வேலை நடக்கும். சில செல்போன்களில் மேக்ரோ கேமரா என்று தனியாக ஒன்று இருக்கிறது. விலை குறைந்த மாடல்களில் அது பெயருக்குத்தான். முதன்மைக் கேமராவில் கிளிப் லென்ஸை மாட்டி எடுப்பதே மேல்.

லென்ஸ் மாட்டியதும் இரண்டு சங்கடங்கள் வரும். முதலாவது, பூச்சியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குள் போனால்தான் படம் தெளியும். அவ்வளவு கிட்டத்தில் போனதும் செல்போனின் நிழலே பூச்சியின் மேல் விழுந்துவிடும். பிளாஷைப் போட்டால் அது லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் பாதி வெளிச்சத்தை லென்ஸின் உடம்பே மறைத்துக்கொள்ளும். மீதிப் பாதி ஒரு பக்கமாகச் சுள்ளென்று அடிக்கும்.

இரண்டாவது, கை நடுக்கம். பத்து மடங்கு பெரிதாகத் தெரியும்போது நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். வெளிச்சம் போதாவிட்டால் கேமரா தன் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்துக்குள் கை அசையும், காற்றில் இலை அசையும், பூச்சி காலை எடுத்து வைக்கும். மூன்றும் சேர்ந்தால் படம் கூழாகிவிடும். வெளிச்சம் அதிகமானால் கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் படத்தைப் பிடித்துக்கொள்ளும். கையைக் கட்டுப்படுத்த முடியாதவர்களுக்கும் வெளிச்சம் உதவும் என்பது இதனால்தான்.

டார்ச்சை எவ்வளவு கிட்டக் கொண்டுபோகிறோமோ அவ்வளவு லாபம். 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த டார்ச்சை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு கூடும். 10 சென்டிமீட்டருக்கு வந்தால் பதினாறு மடங்கு. பெரிய டார்ச் வாங்குவதைவிட, இருக்கும் சின்ன டார்ச்சைப் பக்கத்தில் பிடிப்பது மலிவு.

வெயில் இருக்கும்போது டார்ச் எதற்கு?

நண்பகல் வெயிலைவிடப் பிரகாசமான விளக்கு கடையில் கிடையாது. ஆனாலும் அந்த வெயிலில் எடுத்த பூச்சிப் படம் பெரும்பாலும் வீணாகிறது. பளபளக்கும் இடம் வெள்ளையாக வெளுத்துப்போகும், நிழல் விழும் இடம் கரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் அடையாளம் காண வேண்டிய விவரமெல்லாம் இருக்கும்.

இதற்குக் காரணம் கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்குப் புரியாததல்ல. கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் ஏற்றும் தீபக் கொப்பரை ஆள் உயரத்துக்கு இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அது பெரிய நெருப்பு. தூரத்துக் கொல்லையிலிருந்து கும்பிடுகிறவருக்கு அது ஒரு பொட்டு. சூரியனும் அப்படித்தான். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கையில் அது ஒரு பொட்டு விளக்கு. பொட்டு விளக்கு கூர்மையான, கறுத்த நிழலைப் போடும். அகலமான வெளிச்சம் பல பக்கமிருந்தும் வந்து நிழலுக்குள்ளும் புகுந்து நிரப்பிவிடும். மேகம் மூடிய நாளில் முகம் படத்தில் நன்றாக விழுவது இதனால்தான். அன்றைக்கு வானமே விளக்கு.

வானம் மூடாத நாளில் அந்த வேலையைத் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு செய்யும். ஒருவர் துண்டை வெயிலுக்கும் செடிக்கும் நடுவில், செடிக்குச் சற்று மேலே விரித்துப் பிடிக்க, மற்றவர் படம் எடுக்கலாம். துண்டு முழுவதும் விளக்காக மாறிவிடும். மெல்லிய பழைய வேட்டி இன்னும் நல்லது. துண்டு வெள்ளையாக இருப்பது அவசியம். பச்சைத் துண்டு விவசாய சங்கக் கூட்டத்துக்குச் சரி, படத்துக்குச் சரிவராது. துண்டின் நிறம் இலையில் இறங்கி, மஞ்சள் பாய்ந்த இலைகூட ஆரோக்கியமாகத் தெரியும். நீலத் தார்ப்பாயின் கீழே எடுத்த படத்துக்கும் இதே கதிதான்.

காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் எடுத்தால் பாதிச் சிரமம் குறையும். வெயில் சாய்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். இரவின் குளிரில் விறைத்த பூச்சிகளும் சட்டென்று பறக்காது. இலை மேல் பனித்துளி இருந்தால் மெல்ல உதறிவிட்டு எடுக்க வேண்டும். துளிகள் ஒவ்வொன்றும் பளிச்சிட்டு, பூஞ்சணமோ என்று மயங்க வைக்கும்.

தயிர் கப்புக் கூடாரம்

மேக்ரோ படக்கலைஞர்கள் ரிங் பிளாஷ், இரட்டை பிளாஷ் என்று பல்லாயிரம் ரூபாய்க்குக் கருவிகள் வைத்திருப்பார்கள். அவர்களும் அந்தப் பிளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளையோ வெள்ளைப் பிளாஸ்டிக்கையோ மாட்டித்தான் எடுப்பார்கள். விலை உயர்ந்த விளக்குக்கும் மலிவான விளக்குக்கும் உள்ள இடைவெளியை அந்த வெள்ளைத் திரை வெகுவாகக் குறைத்துவிடுகிறது.

கொல்லையில் அந்தத் திரைக்குத் தயிர் கப் நல்ல மாற்று. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கப் வேண்டாம், பால் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும் கப்பாக இருக்க வேண்டும். டார்ச்சை உள்ளே பிடித்தால் கப் முழுதும் ஒளிர்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நன்றாகக் கழுவி, அடியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். இலையின் மேல் கப்பைக் கவிழ்த்து, அந்த ஓட்டை வழியாக லென்ஸை இறக்கி, டார்ச்சைக் கப்பின் வெளிப்பக்கத்தில் ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருக்கும் பூச்சிக்கு நாலாபக்கமும் வெளிச்சம் கிடைக்கும். கப் உயரமாக இருந்து லென்ஸ் எட்டாவிட்டால் கத்தரியால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அடியில் இலைக்குக் கீழே ஒரு அட்டையை வைத்துக்கொண்டால் கப் ஆடாமல் நிற்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கப் காற்றைத் தடுத்துவிடும். மானாவாரிக் கொல்லையில் ஆடிக்காற்று அடிக்கும்போது இதன் அருமை தெரியும். பூச்சியும் கப்புக்குள் சிக்கிக்கொண்டு ஓரிரு நிமிடம் ஓடிப் பார்த்துவிட்டு அடங்கிவிடும்.

கப் கிடைக்காத இடத்தில் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து டார்ச்சின் முகத்துக்கு இரண்டு மூன்று விரல் தள்ளிப் பிடிக்கலாம். டார்ச்சின் வாயிலேயே ஒட்டிவிட்டால் பெரிய பயன் இல்லை, விளக்கு அகலமாகாது. எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டையோ தெர்மாகோல் துண்டோ சாய்த்து வைத்தால், டார்ச் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தையும் நிரப்பும். ஒரு டார்ச் இரண்டு டார்ச்சாக வேலை செய்யும்.

மாவுப்பூச்சி போன்ற வெள்ளைப் பூச்சிகளை எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். கேமரா பச்சை இலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, வெள்ளையை வெளுக்க வைத்துவிடும். திரையில் பூச்சியின் மேல் விரலை வைத்ததும் சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் மெழுகு இழைகள் தனித்தனியாகத் தெரியும்.

இந்த இழைகளில் ஒரு வழக்கே அடங்கியிருக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்னும், 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு, பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு பூசிக்கொண்டிருக்கும். கலங்கலான படத்தில் "பெரிய மாவுப்பூச்சி" என்றுதான் தோன்றும். பெரிதாக இருக்கிறதே என்று பயந்து இரட்டிப்பாக மருந்து அடித்தால், இலவசமாக வேலை செய்ய வந்த காவல்காரனைக் கொன்றதாகிவிடும். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஓரத்து இழைகள் குட்டையாக இருக்கும், தொட்டாலும் அசைவது மெதுவாகத்தான். புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், இழைகள் நீண்டு தாறுமாறாகத் தொங்கும், தொட்டால் ஓடும். கப்புக்குள் வைத்து எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை ஆட்டிப்படைத்தபோது அதை அடக்கியது மருந்து அல்ல. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி. குளவி வேலை செய்த இடத்தில் செத்த மாவுப்பூச்சியின் கூடு உப்பி, காய்ந்து, அதில் ஒரு சின்ன வட்டத் துளை இருக்கும். அந்தத் துளை தெரியும்படி ஒரு படம் கிடைத்துவிட்டால், அந்தத் தோட்டத்தில் மருந்து அடிப்பதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்கலாம்.

சாய்ந்த வெளிச்சம் சொல்லும் சேதி

உழுது போட்ட நிலத்தை உச்சி வெயிலில் பார்த்தால் தட்டையாகத் தெரியும். அதே நிலத்தைச் சாயங்கால வெயிலில் பார்த்தால் படைச்சால் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம் போலத் தெரியும். இலையும் ஒரு சின்ன நிலம்தான்.

கடைக்காரர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மணிலா இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, ஒரு தட்டையான அட்டையில் வைத்து, டார்ச்சை இலையோடு இலையாகப் படுக்க வைத்தாற்போல் பிடித்து எடுக்க வேண்டும். துரு நோயாக இருந்தால் ஆரஞ்சு கலந்த பழுப்பில் குட்டிக் கொப்புளங்கள் மேடு மேடாக எழும்பி, ஒவ்வொன்றும் நிழல் போடும். விரலால் தேய்த்தால் துருப்பொடி ஒட்டும். பின்பருவ இலைப்புள்ளி என்றால் அடிப்பக்கத்தில் கருகருவென்று வட்டப் புள்ளிகள் சொரசொரப்பாகத் தெரியும். முன்பருவ இலைப்புள்ளிக்கு மேல்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். நேருக்கு நேராக பிளாஷ் அடித்த படத்தில் இந்த மூன்றும் ஒரே பழுப்புப் பொட்டாகத்தான் விழும்.

மக்காச்சோளம் போட்டவர்களுக்கு 2018-ம் ஆண்டை மறக்க முடியாது. அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகாவின் ஷிவமொக்கா பகுதியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட படைப்புழு, சில மாதங்களிலேயே தமிழ்நாட்டு வயல்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதன் தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்துப் போல வெளிர் கோடு இருக்கும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். தலை வழவழப்பானது. பிளாஷ் அடித்தால் அந்தக் கோட்டின் மேலேயே வெள்ளைத் திட்டு விழுந்து மறைத்துவிடும். திரை வைத்த வெளிச்சத்தைச் சற்றுப் பக்கவாட்டில் கொடுத்தால் கோடு தெரியும்.

சில விஷயங்களுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். மணிலா இலையில் சுருள்பூச்சியின் புழு உள்ளே இருக்கிறதா, வெளியேறிவிட்டதா என்று பார்க்க, இலையை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து எடுத்தால் போதும், சுரங்கத்துக்குள் புழு நிழலாகத் தெரியும். கத்திரியும் தக்காளியும் திடீரென்று வாடும்போது தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை நனையும்படி தொங்கவிட வேண்டும். பாக்டீரியா வாடல் என்றால் வெட்டுமுனையிலிருந்து பால் போன்ற இழை சில நிமிடத்தில் இறங்கும். டம்ளருக்குப் பின்னால் கறுப்பு அட்டையும் பக்கவாட்டில் டார்ச்சும் வைத்தால் அந்த இழை படத்தில் அழகாக விழும். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் இலைத்துண்டை வைத்து இதையே செய்து பார்க்கலாம்.

நெல் வயலில் புகையான் வேறு மாதிரிப் பிரச்சினை. அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அங்கே பட்டப்பகலிலும் இருட்டு. பிளாஷ் தண்ணீரில் பட்டுத் திரும்பிக் கண்ணைப் பறிக்கும். தூரை இரண்டாகப் பிரித்துப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எடுக்க வேண்டும். இந்தப் படத்தில் மட்டும் ஒரே பூச்சியைப் பெரிதாக எடுப்பதில் அர்த்தமில்லை, எண்ணும்படி எடுக்க வேண்டும். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் ஒரு கிளைக்கு இரண்டு புகையான் வரை பொறுத்துப் பார்க்கலாம், சிலந்தியே இல்லை என்றால் கிளைக்கு ஒன்று வந்தாலே நடவடிக்கை வேண்டும் என்பது பரிந்துரை. ஆகவே சிலந்தியும் படத்தில் வர வேண்டும். அவசரப்பட்டுச் செயற்கைப் பைரித்திராய்டு மருந்தை அடித்தால் சிலந்தி செத்து, புகையான் முன்னைவிடப் பெருகுவது பல வயல்களில் பார்த்த கதை.

மிளகாயில் இலைப்பேனும் சிலந்திப்பேனும் இலையைச் சுருட்டும். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்பது பொதுவான கணக்கு. உறுதி செய்ய, பூவை வெள்ளைத் தாளில் தட்டினால் இலைப்பேன்கள் உதிர்ந்து ஊர்ந்து போகும். அதன் மேல் உடனே கப்பைக் கவிழ்த்து எடுக்கலாம். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருக்கும் ஸ்கேலை வைத்தால் அளவும் தெரிந்துவிடும்.

மஞ்சள் பல்பு செய்யும் மாயம்

ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்த இலையைத் தாழ்வாரத்துப் பல்பின் கீழே வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அதிகம். மஞ்சள் பல்பின் கீழே எல்லா இலையும் மஞ்சளாகத்தான் இருக்கும். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்து குறைவு, குருத்திலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் வெளுத்தால் இரும்புச்சத்து குறைவு என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், பல்பின் நிறம் குறுக்கே வந்துவிடுகிறது. சத்துக்குறைபாட்டுப் படங்களைப் பகலில், நிழலில்தான் எடுக்க வேண்டும். இலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளும் படத்தில் விழுந்தால், பார்ப்பவர் நிறம் சரியா என்று ஒப்பிட்டுக்கொள்வார்.

மின்சாரத்தில் எரியும் சில மலிவு எல்.இ.டி பல்புகளின் கீழே படம் எடுத்தால் குறுக்கே கருங்கோடுகள் விழும். பல்பு கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை மினுக்குவதால் வரும் வினை அது. பேட்டரி டார்ச்சில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

விலை கொடுத்து வாங்குவதென்றால் வெள்ளை வெளிச்சம் தரும் சின்ன எல்.இ.டி டார்ச்சோ, பவர் பேங்கில் செருகும் குச்சி விளக்கோ போதும், 100 ரூபாயைத் தாண்டாது. தலையில் மாட்டும் டார்ச் இரண்டு கையையும் விடுவித்துவிடும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சவும் ஆகும் என்பதால் அதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

பனித்துளியைப் படம் பிடித்த பால்காரர்

மலிவான வெளிச்சத்தில் நுணுக்கமான படம் எடுத்தவர்களில் உலகம் கொண்டாடும் ஒருவர், விவசாயிதான். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் கறவை மாடுகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. 1885 ஜனவரி 15 அன்று, தன் இருபதாவது வயது நிறையும் முன்பே, மைக்ரோஸ்கோப்பையும் கேமராவையும் ஒன்றாகப் பொருத்தி ஒரு பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். படிகம் உருகிவிடாமலிருக்க, கணப்பு இல்லாத கொட்டகையில் நின்றுதான் வேலை. விளக்கு கிடையாது. வானத்து வெளிச்சத்தைப் படிகத்தின் பின்னாலிருந்து ஊடுருவ விட்டார். மணிலா இலையை வானத்துக்குக் காட்டி எடுப்பதும் இதே முறைதான். மாட்டு வேலை, பண்ணை வேலைகளுக்கு நடுவில் வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்தார். அவற்றில் 2,400-க்கும் மேற்பட்டவை 1931-ல் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார்.

அனுப்பும்போது

நல்ல படம் எடுத்தும் அனுப்புவதில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும். ஒரே படம் போதாது. வயலின் நிலையைக் காட்ட ஒன்று, முழுச்செடிக்கு ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று மூன்றாவது வேண்டும். கூடவே பயிரின் ரகம், எத்தனை நாள் பயிர், கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தது என்ற விவரத்தையும் எழுதிவிட்டால், பதில் சொல்பவருக்குத் திருப்பிக் கேட்கும் வேலை மிச்சம்.

கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு முதல் இடம் அவர்களுடைய வட்டார வேளாண்மை விரிவாக்க மையம்தான். மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் வெம்பாக்கம் பக்கத்துக் கீழ்நெல்லியில் இருக்கிறது. வாழவச்சனூரில் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. அங்கே படம் காட்ட முடியாது என்றாலும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே அடையாளங்களைச் சொல்லலாம்.

வாசகர் கேள்விகள்

*செல்போன் கடையில் வட்டமான ரிங் லைட் விற்கிறார்கள். அதை வாங்கலாமா?*

பூச்சி எத்தனை, எங்கே இருக்கிறது என்று காட்ட உதவும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நேருக்கு நேர் அடிப்பதால் மேடுபள்ளம் தெரியாது. துருக் கொப்புளம் தட்டையாக விழும். வண்டு போன்ற பளபளப்பான பூச்சியின் முதுகில் வெள்ளை வளையமாகப் பிரதிபலிக்கும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முன்னால் பட்டர் பேப்பர் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்துப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்கத் தேவையில்லை.

*வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. எத்தனை முறை எடுத்தாலும் கலங்குகிறது.*

இரண்டு முழங்கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்து எடுத்துப் பார்க்கலாம். கப்பின் விளிம்பிலேயே செல்போனைச் சாய்த்து வைத்தால் நடுக்கம் பெரிதும் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் படத்துக்குப் பதில் பத்து நொடி வீடியோ எடுத்து, செல்போனை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். எங்கேயாவது ஓரிடத்தில் தெளியும். அந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

*கோடை மழைக்குப் பிறகு கம்பளிப்புழு அந்துப்பூச்சி வருகிறதா என்று பார்க்க ராத்திரியில் எப்படிப் படம் எடுப்பது?*

மணிலாக் கொல்லை ஓரத்தில் பல்பு எரியவிட்டு, அதற்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் அந்துப்பூச்சிகள் வந்து அதில் உட்காரும். பறந்து திரிவதைத் துரத்த வேண்டாம். உட்கார்ந்த பூச்சியைப் பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தில் எடுக்கலாம். விடிந்ததும் துணியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பவற்றை எடுப்பது அதைவிடச் சுலபம். புழுவாகிவிட்ட பிறகு எடுப்பவர்கள் கையால் தொடாமல் குச்சியால் நகர்த்திக்கொள்வது நல்லது, ரோமம் பட்டால் அரிக்கும்.

*செயலியில் படம் போட்டதும் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் உடனே வந்துவிட்டது. நம்பி அடிக்கலாமா?*

ஒரே இலையை இரண்டு வெளிச்சத்தில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு முறையும் ஒரே பெயர் வந்தால், அந்தப் பெயரையும் இரண்டு படங்களையும் உதவி வேளாண் அலுவலருக்கு அனுப்பிக் கேட்டுக்கொண்டு அடிக்கலாம். பெயர் மாறி மாறி வந்தால் மருந்து வாங்கும் வேலையை நிறுத்தி வைத்து, செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, நேரிலேயே கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி. நூற்புழு, வேரழுகல் போன்றவை எந்த வெளிச்சத்தில் இலையைப் படம் எடுத்தாலும் தெரியாது.